முடிவை முன்கூட்டிச் சொல்லாதவள்

பிரிட்டிஷ் தொடர்களில் எனக்கு முதலில் பிடித்த விஷயம், அவர்களுக்கு நிறுத்தத் தெரியும். வாரம் ஒன்றாக ஆறு கிழமை ஓடும், கதை முடியும், எழும்பிப் போய் உன் வேலையைப் பார் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்கள் பார்க்கிற இந்தியத் தொடர்களில் மாமியார் ஓர் அறை விட்டால், அதை மூன்று பக்கமிருந்து காட்டி, இடி மின்னலும் போட்டு, அந்தக் கிழமையையே ஓட்டிவிடுவார்கள். தேத்தண்ணியைக் குடி தம்பி, ஆறப்போகிறது. கெட்ட கதை கதைப்பதற்கு முன் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கவேண்டும் என்பதும் நான் அந்தத் தொடர்களில் கற்றதுதான்.

நீ கதவடியில் நின்றபடியே கேட்டாய். உன் அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்து வந்திருக்கிறாய், நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரியில் பழைய பதிவைப் பார்த்த டொக்டர், இரண்டு வருடத்துக்கு முன்பே இந்த வருத்தம் என்ன நோயென்று அம்மாவின் தங்கைக்கு விளங்கப்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். இராஜேஸ்வரிக்குத் தங்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். அம்மாவோடு கிளினிக்குக்குப் போய்வருகிறவள் இந்தக் கட்டடத்தில் அம்மாவுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிற இந்தக் கிளடிஸ் அன்ரி என்பதும் தெரியும்.

"அன்ரி, டொக்டர் கதைச்ச இங்கிலிஷ் உங்களுக்கு விளங்கேல்லைப் போல. அப்பிடியெண்டாச் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்" என்றாய்.

நல்ல மனத்தோடுதான் கேட்டாய். இருந்தாலும், தம்பி, அது எனக்குக் கொஞ்சம் சுட்டது.

நான் மன்னாரிலிருந்து வந்தபோது எனக்கு யேஸும் நோவும்தான் தெரியும். என் மனுசன் வேலைக்குப் போனபின் இந்த அறைக்குள் ரிவியைப் போட்டுவிட்டு, அவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். வடக்கு இங்கிலாந்துக்காரன் எப்படி இழுப்பான், ஸ்கொட்லாந்துக்காரன் எதை விழுங்குவான் எல்லாம் எனக்கு அத்துப்படி. உன் மகள் அட்சயா இங்கே பிறந்து வளர்ந்தவள், அவளே திரையின் கீழே எழுத்துப் போட்டுத்தான் பார்க்கிறாள். நான் ஒருநாளும் எழுத்துப் போட்டதில்லை.

அவர் செத்தபின் ரிவியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சிரிப்பு வந்தால் திரும்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். அப்போதுதான் லிப்டுக்குள் உன் அம்மாவைச் சந்தித்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம் வந்து இருந்தார். ஆங்கிலம் அவருக்கு வராது, நான்தான் வரிக்கு வரி சொல்லிக்கொடுப்பேன். கடற்கரைப் பட்டணத்தில் கொலை விசாரிக்கிற பொம்பிளைப் பொலிஸின் தொடர் அது. எந்நேரமும் மழை, எந்நேரமும் ஒரே கோட்டு. உன் அம்மா அவளுக்கு மழைக்கோட்டுக்காரி என்று பெயர் வைத்தார். "உவளுக்கு ஒரு நல்ல உடுப்பு வாங்கிக் குடுக்க ஆருமில்லையே" என்று ஒவ்வொரு கிழமையும் கவலைப்படுவார். அவர் சாய்ந்திருந்து பார்த்த கதிரை அதோ, யன்னலோரம்.

கொலைகாரர் யாரென்று எனக்கு இரண்டாம் கிழமையே பிடிபட்டுவிடும். ஓடி ஓடி உதவி செய்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற அயல்வீட்டுக்காரிதான் பெரும்பாலும். உன் அம்மா கடைசிவரை நம்பமாட்டார். "பாவம், எவ்வளவு உபகாரம் செய்யிறா, அவவா இருக்காது" என்பார். நான் பேசாமல் இருப்பேன். லண்டனில் இருக்கிற என் மச்சாள் எங்களுக்கு முந்தியே பார்த்துவிட்டு ரெலிபோனில் முடிவைச் சொல்லித் தொலைப்பாள். அதைக்கூட நான் உன் அம்மாவுக்குச் சொன்னதில்லை. ஒருவருடைய முடிவை அவருக்கு முன்கூட்டிச் சொல்லுவது பாவம் என்பது என் எண்ணம்.

அந்த வருடம் நீ மார்க்கம் பட்டணத்தில் வீடு வாங்கினாய். கீழே அம்மாவுக்கென்று அறை கட்டி, குளிக்கிற இடத்தில் கைபிடிகூடப் பொருத்தினாய். அம்மாவுக்கு வர விருப்பமில்லை. "எனக்குக் கை கால் ஓடுமட்டும் இஞ்சைதான் இருப்பன், ஏலாமல் போனால் வாறன்" என்று உனக்குச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஏலாமல் போனால் என்ற அந்தச் சொல் எனக்குள் போய்க் குந்திக்கொண்டது. மார்க்கத்துக்கு எனக்கு யார் கார் ஓடுவது? போனவர்கள் எவரும் திரும்பி வந்து கதவைத் தட்டியதில்லை. நத்தார் பண்டிகைக்கு ஒரு ரெலிபோன் வரும், அதுவும் இரண்டு வருடத்தில் நின்றுபோகும்.

பிறகு அம்மாவுக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் வந்தது. அதை மகனுக்குச் சொல்ல வெட்கப்பட்டு எனக்குத்தான் சொன்னார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கமரா விட்டுப் பார்த்தார்கள். அவரை மயக்கத்தில் கிடத்திவிட்டு, டொக்டர் வெளியே வந்து என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் அவருடைய தங்கை, எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்றேன். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. குடலில் கட்டி. சின்னது. நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம். வெட்டி எடுத்தால் அநேகமாகச் சுகம். வெட்டியபின் பிள்ளைகள் வீட்டில் கொஞ்சக்காலம் இருக்கவேண்டிவரும்.

அம்மா கண் விழித்து, "என்னவாம் கிளடிஸ்?" என்று என் கையைப் பிடித்தார்.

"மூலமாம் இராஜேஸ், வேறையொண்டுமில்லை. உறைப்பைக் குறைக்கட்டாம்."

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்கவேண்டும். நீயும் அன்று பின்னேரம் ரெலிபோன் எடுத்துக் கேட்டாய், உனக்கும் அதையே சொன்னேன். எங்கள் சனம் வருத்தக்காரருக்கு வருத்தத்தின் பெயரைச் சொல்லுவதில்லை. உங்கள் அப்பாவுக்கும் கடைசிவரை நீங்கள் சொல்லவில்லைத்தானே. பயத்தில் பாதி உயிர் போய்விடும் என்று மறைத்தீர்கள். நானும் அப்படித்தான் மறைத்தேன். நீங்கள் மறைத்துக்கொண்டு வைத்தியம் செய்தீர்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அம்மா தெரியாத நம்பரை எடுக்கமாட்டார் என்று ஆஸ்பத்திரிக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க எடுத்தார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டார், அங்கேயே வைத்தியம் பார்க்கிறார் என்றேன். திரும்பவும் எடுத்தார்கள், திரும்பவும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த பிள்ளை நல்ல மரியாதையாகக் கதைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

நான் அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் நினைக்காதே. மூலத்துக்கு நல்லதென்று கிழமை தவறாமல் கருணைக்கிழங்குக் கறி வைத்தேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். என் கையால் அவருக்குக் கால் பிடித்துவிட்டேன். கட்டி மெள்ள மெள்ளத்தான் வளர்ந்தது. மழைக்கோட்டுக்காரியின் இரண்டு சீசன் முழுக்கப் பார்த்தோம், நடுவில் கூடாரத்துக்குள் கேக் போடுகிற போட்டியும் பார்த்தோம். அதில் தோற்றவர்கள் வென்றவரைக் கட்டிப்பிடித்து அழுகிறபோது உன் அம்மாவும் சேர்ந்து அழுவார். அந்த இரண்டு பனிக்காலமும் என் வாழ்க்கையில் நல்ல காலம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு அவருடைய காப்பு முழங்கைவரைக்கும் ஏறி இறங்கத் தொடங்கியது. "மூலத்துக்கு இப்பிடி மெலியுமோ கிளடிஸ்?" என்று ஒருநாள் கேட்டார். விளம்பரம் முடிந்து தொடர் தொடங்கிவிட்டது என்று சொன்னேன். அவரும் ரிவியைப் பார்த்தார்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் நீ கன்ரீனுக்குப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டார். புது சீசனில் இன்னும் இரண்டு கிழமை மிச்சம் இருந்தது.

"நான் அது முடியுமட்டும் இருக்கமாட்டன். உம்மடை மச்சாள் சொல்லியிருப்பாதானே. ஆர் செய்தது? சொல்லும்."

மச்சாள் சொல்லித்தான் இருந்தாள். எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் பிறகு சேர்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று, "வீட்டை வாரும், பாப்பம்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அது எனக்கு இன்னும் மனவருத்தம். ஒரு சொல்தானே, சொல்லியிருக்கலாம்.

இப்போது தொடர் எழுதுகிறவர்கள் கடைசிக் காட்சியில் குற்றவாளியை அழவைக்கிறார்கள். சின்ன வயதில் தகப்பன் அடித்தார், அதனால்தான் இப்படி ஆனேன் என்று சொல்லவைக்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. செய்தவர் செய்ததைச் சொன்னால் போதும். நீ எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாய். விளங்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால், பாவம் கிழவி என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போயிருப்பாய். ஆனால் இத்தனை வருடம் எழுத்துப் போடாமல் பார்த்தவள் அப்படிச் சொல்லமாட்டாள். எனக்கு விளங்கியது, தம்பி. வெட்டினால் பிழைப்பார் என்று விளங்கியது, வெட்டாவிட்டால் சாவார் என்றும் விளங்கியது. பிழைத்தால் மார்க்கத்துக்குப் போய்விடுவார். அதனால் நான் சொல்லவில்லை.

நீ குடிக்கவேயில்லை. இரு, வேறு ஊற்றுகிறேன். யாருக்குச் சொல்லவேண்டுமோ சொல்லு, பொலிசுக்கும் சொல்லு, நான் மறுக்கமாட்டேன். நான் கெட்டவள் இல்லை என்று இந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

நாளைக் காலையில் மட்டும் வராதே, நான் வீட்டில் இருக்கமாட்டேன். எட்டாம் மாடி வேரோனிக்காவுக்கு மார்பில் ஏதோ தடிப்பாம், ஆங்கிலம் வராது, மகள் கல்கரியில். துணைக்கு வரச்சொல்லிக் கேட்டா, ஓம் என்றுவிட்டேன். போன ஞாயிறு வந்து உன் அம்மாவின் கதிரையில்தான் இருந்தா. மழைக்கோட்டுக்காரியை அவவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.