கடையடைப்பு அன்னைக்கு வந்த பெட்டி

விஜயலட்சுமி: வெறும் பெட்டியா? வாராவாரம் போலப் பாதிக் காய் அப்படியே திரும்பி வரும்னுல்ல நெனச்சேன்.

ஹஃப்ஸா: நல்லாப் பாருங்கக்கா. ஒரு காம்பு கெடையாது.

விஜயலட்சுமி: இதைக் குடுக்கவா மன்னார்குடியிலேருந்து ஆட்டோ புடிச்சுக் கொல்லைக்கு வந்தீங்க? சனிக்கிழமை காய் கொண்டாரப்ப நானே எடுத்துக்க மாட்டேனா?

ஹஃப்ஸா: நேர்ல சொல்லணும்க்கா. போன சனிக்கிழமை கடையடைப்புல்ல...

விஜயலட்சுமி: ஆமா, காவேரித் தண்ணி கேட்டு வெவசாயிங்க நாங்க நடத்துனதுதானே. விடியக்காலமே உங்க பெட்டிய எறக்கிட்டு மறியலுக்கு ஓடிட்டேன்.

ஹஃப்ஸா: நீங்க போயி ரெண்டு மணி நேரம் இருக்கும். வாசல்ல ரெண்டு காரு. கூத்தாநல்லூர் ஆமினாம்மா வீட்டு ஆளுங்க. ஒம்பது பேரு!

விஜயலட்சுமி: யாரு, உங்க நாத்தனா மர்யத்தைப் பொண்ணு கேட்டாங்களே, அவங்களா?

ஹஃப்ஸா: அவங்களேதான். மொதல் தடவை வந்தப்ப பார்சல் பிரியாணி வாங்கி வச்சோமா... "பார்சல் வீட்டு சம்பந்தம் நமக்கு வேணாம்"னு யார்கிட்டயோ சொல்லிருக்காங்க. கடையடைப்பு அன்னைக்கு வந்ததே, அதை நேர்ல சொல்லிட்டுப் போகத்தான்.

விஜயலட்சுமி: அடியாத்தி... கறிக்கடை?

ஹஃப்ஸா: பூட்டு. மீன்கடை பூட்டு, ஓட்டல் பூட்டு. வீட்டுல அரிசி, பருப்பு, நெய்யி. அப்புறம் உங்க பெட்டி.

விஜயலட்சுமி: அதுல என்ன... சுரைக்கா, கத்திரிக்கா, மாங்கா, பீர்க்கங்கா, பரங்கி...

ஹஃப்ஸா: ரெண்டு வாழைப்பூ! அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு. மர்யம்தான், "அழுவுறதுக்கு நேரமில்ல அண்ணி, சுரைக்காய வெட்டுங்க"ன்னா. நெய்ச்சோறு ஒரு அடுப்புல, தால்ச்சா ஒரு அடுப்புல.

விஜயலட்சுமி: கறி எலும்பு போடாம தால்ச்சாவா?

ஹஃப்ஸா: எலும்புக்கு எங்க போறது? பருப்போட சுரைக்காயும் கத்திரிக்காயும் மாங்காயும்தான். வாழைப்பூவ அரைச்சு வடையாத் தட்டிட்டோம். நரம்பு ஆய்ஞ்சது யாரு தெரியுமா? எங்க மாமா, மர்யத்தோட வாப்பா.

விஜயலட்சுமி: லியாகத் அலி பாயா! மீன் இல்லாட்டி சோத்துல கையே வைக்க மாட்டாருன்னீங்க?

ஹஃப்ஸா: அவருதான். கையெல்லாம் கறை. அந்தக் கையோடயே நின்னு பரிமாறுனாரு.

விஜயலட்சுமி: இனிப்பு?

ஹஃப்ஸா: பரங்கிக்காயத் துருவி அல்வா. பீர்க்கங்காத் தோலக்கூட விடல, தொவையல்...

விஜயலட்சுமி: அதெல்லாம் இருக்கட்டும். சாப்பிட்டாங்களா, இல்லையா?

ஹஃப்ஸா: ஆமினாம்மா தால்ச்சாவ ரெண்டு தடவை ஊத்திக்கிட்டாங்க. வடையப் பிட்டு வாயில போட்டுட்டு, "கறி வடையா?"ன்னாங்க. நான் ஆமான்னு தலையாட்டலாமான்னு பார்க்குறேன், மர்யம் பட்டுனு, "இல்ல மாமி, வாழைப்பூ. கடையெல்லாம் அடைச்சிருக்கு. எல்லாமே வாரப் பெட்டியில வந்த காயிதான்"னு சொல்லிட்டா.

விஜயலட்சுமி: ஐயையோ...

ஹஃப்ஸா: நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்தம்மா இன்னொரு வடைய எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் மாமாவைப் பார்த்து, "ஒரு பெட்டிக் காய வச்சு ஒம்பது பேரச் சமாளிச்சிருக்கு. பொய்யும் பேசல. இந்தப் பொண்ண விட்டுட்டுப் போவேனா?"ன்னாங்க!

விஜயலட்சுமி: அப்படிப் போடு!

ஹஃப்ஸா: மர்யம் அதோட விட்டாளா? "பி.எட். முடிச்சிட்டுத்தான் நிக்காஹ்"ன்னா. அதுக்கும் சரின்னுட்டாங்க.

விஜயலட்சுமி: கெட்டிக்காரி!

ஹஃப்ஸா: இன்னொண்ணு இருக்குக்கா. ஆமினாம்மாவுக்கும் வாராவாரம் பெட்டி வேணுமாம். அவங்க சொந்தக்காரங்க ஆறு வீட்டுக்கும் சேத்து.

விஜயலட்சுமி: ஏழு வீடா...

ஹஃப்ஸா: என்னக்கா, கண்ணத் தொடைக்கிறீங்க? இருங்க... நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பாதிக் காய் மீந்து போவுதேன்னு, பெட்டிய நிறுத்திருங்கன்னு வெள்ளிக்கிழமையே உங்களுக்கு மெசேஜ் அடிச்சு வச்சிருந்தேன். அனுப்பத்தான் மனசு வரல. இருபது வீட்டுல ஒண்ணு கொறஞ்சா உங்களுக்கு என்ன ஆயிரப் போவுதுன்னு...

விஜயலட்சுமி: இருபது வீடு எங்கம்மா இருந்துச்சு? ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. ஒரு மாசமா உங்க ஒரு வீட்டுக்குத்தான் கட்டுறேன். உங்ககிட்ட சொன்னா நீங்களும் நின்னுருவீங்களோன்னு வாயத் தொறக்கல... சரி, அந்த ஏழு வீட்டு நம்பரையும் குடுங்க. வர்ற சனிக்கிழமை எட்டுப் பெட்டி கட்டணும்!