பச்சைப் பட்டுக்குள்ள யாரு

என் காலைப் பாக்காதீங்கய்யா. ஆமா, பூட்ஸ் போடல, வெறும் காலுறையோடதான் நிக்கிறேன். கவுனு தரையைக் கூட்டுதே, படத்துல காலா தெரியப்போவுது? பூட்ஸ் எங்கன்னா... சொல்றேன், சொல்றேன். நீங்க மடிப்பை வரைங்க. எங்க மாப்பிள்ளை ஜோசையா உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னது அந்த மடிப்பைப் பத்தித்தானே.

ஜன்னல் பக்கமாவே நிக்கிறேனே, வேணாம்னு சொல்லாதீங்க. எதிர்க் கடையிலேருந்து அப்பப்ப நிமிர்ந்து பாப்பான். இந்தப் பச்சைப் பட்டு தெரியலன்னா மாடியேறி வந்துருவான். இதோ பாக்குறான். கையை ஆட்டுறான் பாருங்க, பெரிய மனுசன். நானும் ஆட்டுறேன். அவ்வளவுதான், திருப்தி. பொண்டாட்டிக்கு ஆட்டுறதா நெனப்பு. மூணு நாளா இந்தக் கூத்துதான். சீ.

இல்லல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. பெரிய வீடுகள்ல இப்படித்தான், துணிக்கு வேற ஆள் நிக்கலாம், கடைசியில முகத்துக்கு மட்டும் அம்மா வந்து உக்காந்தா போதும்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க சொன்னப்ப என் தங்கச்சி லெட்டி என்னை ஒரு பார்வை பாத்தா. எங்க ரெண்டு பேருக்கும் உசரமும் ஒண்ணு, முடியும் ஒண்ணு. சரி, அக்கா டார்கஸ் நான் இருக்கேன், நான் நிக்கிறேன்னு நானே முன்னால வந்துட்டேன். ஜோசையாகிட்ட நீங்க மூச்சு விடலியே? நல்லதுய்யா. நல்லாருப்பீங்க.

மணி என்ன இருக்கும்? கோயில் மணி மூணரை அடிச்சிருச்சுல்ல?

ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

அந்தக் கடை இருக்கே, அது எங்கப்பாவோடது. ஜோசையா அதுல துணி மடிச்சுப் போட வந்தவன். லெட்டி கையைப் புடிச்சான், கடை அவன் பேருக்குப் போச்சு. கல்யாணம் ஆனா பொம்பளைக்குன்னு என்னய்யா மிச்சம் இருக்கு? சட்டமே அப்படி. இப்ப நவம்பர்ல மேயராகணுமாம் இவருக்கு. அதுக்குத்தான் இந்தப் படம். நகரமன்ற மாடிப்படியில மாட்டுவானாம். முகம் எப்ப வேணா வரைஞ்சுக்கலாம், பட்டோட பளபளப்பு கரெக்டா வரணும், எங்க கடைச் சரக்குன்னு ஊரு பாக்கணும்னு உங்ககிட்டயே சொன்னானே, எனக்குக் காது கூசிருச்சு. கட்டின பொண்டாட்டியா, கடைப் பொம்மையா?

லெட்டிக்கு இந்தப் பகட்டெல்லாம் சுத்தமா ஆகாது. அவ ஆசை ஒண்ணே ஒண்ணுதான், பாடம் நடத்தணும். கல்யாணத்துக்கு முன்னாடி கோயில் பின்னால இருக்கிற அந்த ஒத்தை ரூம்புல தறிக்காரங்க வீட்டுப் பொண்ணுங்களை உக்கார வச்சு எழுத்துச் சொல்லிக் குடுப்பா. கணக்கெல்லாம் சும்மா பின்னி எடுக்கும் அதுங்க. போன வசந்தத்துல இங்க பொண்ணுங்களுக்குன்னே பள்ளிக்கூடம் கட்டுறவங்க, தலைமையா லெட்டி வரணும்னு கேக்க வீடு தேடி விருந்துக்கு வந்தாங்க. கேட்டது லெட்டியை. பதில் சொன்னது யாரு? இவன்! ஆட்டுத் தொடையை வெட்டிக்கிட்டே, தலையைக்கூடத் தூக்கல, என் மனைவிக்கு அந்த மாதிரி விருப்பமெல்லாம் கிடையாதுங்கன்னான். அவ முள்கரண்டியைக் கையில புடிச்சபடி, திறந்த வாய் திறந்தபடி உக்காந்திருந்தா. அவ தட்டுல ஒரு துண்டைப் போட்டு, சாப்பிடும்மான்னான்.

வந்தவங்க மட்டும் என்ன ஒழுங்கு? சரிங்கய்யா, சரிங்கய்யான்னு புட்டிங் சாப்பிட்டுட்டுப் போய்ட்டாங்க.

இன்னும் கேளுங்க. லெட்டிக்குப் பாடம் சொல்லிக் குடுத்த பழைய டீச்சரம்மா கடல் தாண்டி கனடாவுல பள்ளிக்கூடம் வச்சிருக்கு. வந்துடு, உனக்கு இங்க இடம் இருக்குன்னு ரொம்ப நாளா கூப்பிடுது. இவ ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிட்டா, நான் போறேன்னு. இவன் கத்தல, அடிக்கல. அதெல்லாம் பண்ணுனா ஊர்ல பேரு கெட்டுருமே. அவளோட வெளிய போற பூட்ஸு, தொப்பி, மேலங்கி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போய் கடை அலமாரியில வச்சுப் பூட்டிட்டான். உனக்குத்தான் உடம்புக்கு முடியலையேம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். ஒரு மாசமா வீட்டுச் செருப்போட ரூமுக்கும் படிக்கும் நடக்குறா என் தங்கச்சி. பாதிரியார்கிட்ட போய் அழுதேன். புருஷனுக்கு அந்த உரிமை இருக்குன்னுட்டு எனக்கு டீ ஊத்தறாரு. தூ! அந்த டீயை அவர் மூஞ்சியிலயே ஊத்தியிருக்கணும்.

என்னை விடுங்க. நான் கல்யாணமாகாத அக்காக்காரி. எங்க வீட்டுல ஒண்ணு இருக்குதுன்னு வெளிய சொல்லுவான் என்னை. அது இதுன்னுதான். எந்நேரமும் ஒரே பழுப்புக் கம்பளி கவுனு, அதே கருப்புத் தொப்பி. கடை வாசல்ல எதிர்ல வந்தா தூணு வந்த மாதிரி. பத்து வருஷத்துல ஒரு நாள்கூட என் முகத்தை நேரா பாத்ததில்ல அவன்.

என்னது, கவுனு முடிஞ்சுதா? அம்மாவைக் கூப்பிடணுமா? கொஞ்சம் பொறுங்க. அந்தக் கையோரத்து லேஸை இன்னொரு தடவை பாருங்களேன். சரியா வந்த மாதிரி இல்ல. பொறுங்கன்னு சொல்றேன்ல!

...ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

அப்பாடா. நாலு மணி ஆயிருச்சு. இப்ப இந்த ஊசியெல்லாம் கழட்டிக்கலாம், காலையிலேருந்து இடுப்புல குத்திக்கிட்டே இருக்கு.

முகமா? முகம் கிளம்பிருச்சுங்கய்யா. காலையில எட்டு மணி ரயிலு. நாலு மணிக்கு லிவர்பூல்ல கனடாக் கப்பல் எடுக்குறாங்க. இனி அவன் தலைகீழா நின்னாலும் புடிக்க முடியாது. முகமே இல்லாம பட்டை மட்டும் மாட்டட்டும் படியில. அவனுக்கு அது போதும்.

கீழ போய் அவன்கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா இதையும் சேத்துச் சொல்லுங்க. அவ திருட்டுத்தனமா பின்வாசல்ல போகல. ஸ்டேஷனுக்கு அது ஒண்ணுதான் வழி, அவன் கடை வாசலைத் தாண்டித்தான் போனா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் இங்க பட்டை மாட்டிக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், உசுரு என்கிட்ட இல்ல. அவன் வாசல்லதான் நிக்கிறான். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு கிட்டக்க வர்றா, என் பழுப்புக் கம்பளியும் கருப்புத் தொப்பியுமா. வழிகூட விடல அவன். அவதான் சேத்துல இறங்கி நடந்தா. கட்டின புருஷன், ஒரு கை தூரம்! அவன் கண்ணு எங்க இருந்துச்சு தெரியுமா? இங்க. இந்தப் பச்சையைப் பாத்துக் கையை ஆட்டிக்கிட்டு இருந்தான்.

என் பூட்ஸைக் கேட்டீங்கல்ல? அவ கால்ல இருக்கு. கொஞ்சம் பெருசுதான், முனையில பஞ்சு வச்சு அனுப்பியிருக்கேன்.