துண்டு போட்ட இடமும் துணிந்து கேட்ட வாயும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத்து அண்ணாச்சி முத்துக்கிருஷ்ணன் அவர்களே, சங்கரன்கோவில் மண்ணில் பிறந்து, சங்கரன்கோவில் தெருவிலேயே படமெடுத்து, இன்று ஊர்கூடிப் பாராட்டும் இயக்குநர், எங்கள் ஊர்ப் பிள்ளை ரூபியா அவர்களே, புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டையை இறக்கிய கையோடு வேன் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்க அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் கோமதிநாயகம் அவர்களே, அனைவருக்கும் இந்த யோகலட்சுமியின் பணிவான வணக்கம்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கும் ஒரு கூச்ச சுபாவக்காரன். தினமும் அவன் போகும் பஸ்ஸிலேயே புளியங்குடிக்குப் போகும் ஒரு நர்ஸ். பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே அவன் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பான். அவள் ஏறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பான். ஒரு சொல் கிடையாது. ஒருநாள் அவள் வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டு ஊரைவிட்டுப் போகிறாள். மறுநாளும் அவன் துண்டு போடுகிறான். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. படம் முடிகிறது.

கண்ணீர் கரைபுரண்டது. கைக்குட்டை கசங்கியது. அழாதவர் உண்டா இந்த ஊரில்? அண்ணாச்சி, நீங்கள் சிரிக்காதீர்கள். இடைவேளையில் கண் சிவந்து வெளியே வந்து, "கண்ணுல தூசி விழுந்துட்டு டீச்சர்" என்று என்னிடம் சொன்னவர்தானே நீங்கள்?

நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம்? எடுத்த ரூபியா மேலா? இல்லை. பேசாத அந்த மனிதன் மேலா? அதுவும் இல்லை. அந்தப் பெண்மேல் கோபம். தாசில்தார் கொடுத்த பட்டா மாறினாலும் மாறும், துண்டு போட்ட இடம் மாறாது என்பது நம் ஊர்ச் சட்டம். அப்படிப்பட்ட இடத்தை ஒருவன் அன்றாடம் எழுந்து கொடுக்கிறான் என்றால், அவன் கொடுத்தது வெறும் இருக்கையா? அது அவளுக்குத் தெரியாதா? தெரியும் தாய்மார்களே. நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அவள் ஏன் கேட்கவில்லை? வாயில்லாதவன் பேசவில்லை, சரி. வாயுள்ளவள் ஏன் பேசவில்லை?

படத்தில் மட்டுமா அப்படி வாய் பேசாத மனிதர் இருக்கிறார்? நான் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை. விடுமுறை நாட்களில் ராயகிரி, வாசுதேவநல்லூர் என்று மேடையேறிப் பேசுகிறவள். எந்த ஊருக்குப் போனாலும் மைக்செட் போடுகிறவர் ஒருவரே. எனக்கு முன்னால் பேசியவர் பனைமரம்போல் வளர்ந்தவராக இருப்பார். நான் எழுந்து வருவதற்குள் மைக் என் வாய்க்கு நேரே இறங்கி நிற்கும். மற்றவர்கள் கூப்பிட்டால்தான் அவர் வருவார். நான் கூப்பிட்டதே கிடையாது. நன்றி சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம், வயர் சுருட்டப் போயிருப்பார்.

வாசுதேவநல்லூரில் ஒரு விழா. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் என்னை அழைக்கிற அழகைக் கேளுங்கள். "அடுத்து வாற டீச்சர் ஊருல உள்ள புருஷன் பொண்டாட்டிக்கெல்லாம் புத்தி சொல்லுதாங்க, அவங்களுக்குத்தான் இன்னும் மாப்பிள்ளை அமையல" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டல் கொடுத்த தெம்பில் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். வாய் அசைகிறது, வார்த்தை வரவில்லை. மைக்கைத் தட்டினார், ஊதினார், ஒன்றும் நடக்கவில்லை. முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். நான் போய் நின்றேன், மைக் கணீரென்று பேசியது. விழாக்குழுவினர் பாய்ந்து போய், "என்னவே ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஃபியூஸ் போயிட்டு" என்று பதில் வந்தது. பிறகு நான் போய்க் கேட்டேன். "நெசமாவே ஃபியூஸா போச்சு?" அவர் தலை நிமிரவில்லை. "போகல. எடுத்துட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை காலத்தில் அவர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அதைப்பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து எனக்குக் கல்யாணம் உறுதிசெய்ய வருகிறார்கள். மாப்பிள்ளை வங்கி அதிகாரி, குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். ஆனால் என் மனம் அங்கே இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன், எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அண்ணன் என்ன சொன்னார்? "ஏட்டி, வாய் பேசாதவனோட எப்படிக் காலம் தள்ளுவே? அவனுக்கு நெனப்பு இருந்தா அவனே வாயத் தொறந்து கேக்கட்டும். நான் மறுக்காம கட்டித் தாரேன்" என்றார். அவன் எங்கே கேட்கப் போகிறான் என்ற தைரியம் அவருக்கு. அண்ணே, எந்திரிக்காதீங்க. உட்காருங்க. முழுசும் சொல்லி முடிச்சிடுதேன்.

நம் ஊர் அம்பாள் என்ன செய்தாள்? நம் கோமதி என்ன செய்தாள்? கருவறைக்குள் உட்கார்ந்து கண்ணீர் வடித்தாளா? நல்ல நேரம் வரட்டும் என்று நாள் பார்த்தாளா? தெருவுக்கு வந்தாள். ஒற்றைக்காலில் நின்றாள். தனக்கு வேண்டிய காட்சி இன்னதென்று சிவனிடமே கேட்டாள். கேட்டதைப் பெற்றாள். ஆடித்தவசுக்குப் பருத்தியும் வத்தலும் அள்ளி வீசிக் கும்பிடுகிற நாம், வீட்டுக்கு வந்து நம் பெண்ணிடம் என்ன சொல்கிறோம்? அடக்கமாயிரு என்கிறோம். அம்பாளுக்கு ஒரு நியாயம், அவள் பெயர் வைத்த பெண்ணுக்கு ஒரு நியாயமா?

ஆகவே கேட்கிறேன். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்திருக்கும் பாண்டியராஜன் அவர்களே, உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். இத்தனை பேர் முன்னால் உங்களைக் கூச வைக்கிறேன் என்று தெரியும். தனியாகச் சொல்ல நான் நெருங்கினால் வயரோடு ஓடுகிற ஆளிடம் வேறு எப்படிச் சொல்வது? விருப்பமில்லை என்றால் தலையை மட்டும் அசையுங்கள். உங்கள்மேல் எள்ளளவும் வருத்தம் கிடையாது. ஆனால் சொல்லாமல் மட்டும் இந்த மேடையைவிட்டு இறங்கமாட்டேன் என்று முடிவு செய்துதான் ஏறினேன்.

கைதட்டாதீர்கள். ஏலே மக்கா, அவரைச் சுத்தி நிக்காதீங்க, மூச்சு விடட்டும். என்ன இப்ராஹீம் பாய், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு கையைத் தூக்குகிறீர்கள்? "அவருக்குச் சம்மதம்தான் டீச்சர், நான் சொல்லுதேன்" என்கிறீர்களா? நீங்கள் சொல்ல வேண்டாம் பாய். பொறுத்திருப்போம்.

எழுந்துவிட்டார். வருகிறார். என்னிடம் வரவில்லையே. மேடையைத் தாண்டி முன்வரிசைக்குப் போகிறார். என் அண்ணன் முன்னால் போய் நிற்கிறார். தாய்மார்களே, கொஞ்சம் சத்தம் போடாதிருங்கள்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சிய எனக்குக் கட்டித் தாங்க."

எல்லோருக்கும் கேட்டதா? எனக்குக் கேட்டது. அண்ணே, நீங்க என்ன சொல்லுதீங்க? இப்போ நீங்க வாய் பேசாம நின்னா எப்படி?

"ராஜபாளையத்துக்கு நானே ஃபோனப் போட்டுச் சொல்லிக்கிடுதேன். நீ மொதல்ல எறங்கி வாட்டி."

வருகிறேன் அண்ணே. ரூபியா, உங்கள் படத்தின் கடைசிக் காட்சியை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். அதைப் பார்த்து இன்னும் நான்கு பெண்களுக்குக் கோபம் வரட்டும். தலைவர் அண்ணாச்சிக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். இன்னும் பேச நிறைய எழுதி வந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.