மௌன அஞ்சலியில் கேட்ட குரல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளே, இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

மறைந்த நம் பொத்தான் டீச்சரைப் புகழத்தான் வந்தேன். ஆனால் சற்று முன் இந்த அரங்கில் நடந்ததற்குப் பிறகு வெட்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினோம். நடுவில் ஒரு குரல்: "எனக்கு டீச்சரை..." யாருக்காகத் தலைகுனிந்து நின்றோமோ, அவர் குரல்! எல்லோருக்கும் திக்கென்றது. யாரோ ஓடிப்போய் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்கள். அப்பாடா என்று மௌனத்தைத் தொடர்ந்தோம், நானும்தான்.

பேசியது ஆவி இல்லை ஐயா, நம் வாயாடி! மூளை முடக்குவாதத்தால் கை, கால், நாக்கு எதுவும் சொன்னபடி கேட்காத பிள்ளை. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே டீச்சர்தான். கணினித் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது தலையைச் சாய்த்து, கன்னத்தருகே இருக்கும் பொத்தானை அழுத்துவாள். கழுத்து ஒரு நொடி பிந்தினால் மறுபடி முதலிலிருந்து! அவள் அழுத்தும் சொல்லைக் கணினி டீச்சரின் குரலில் பேசும். இயந்திரக் குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறதென்று, சாமான் அறையில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஒவ்வொரு சொல்லையும் அவரே பேசிப் பதிவு செய்தார்.

"போடா", "எனக்குப் பிடிக்கல" என்றுகூடப் பதிவு செய்தார். நம் செயலாளர், "இதெல்லாம் எதுக்கு டீச்சர்? தண்ணி வேணும், பசிக்குது... இது போதாதா?" என்றார். "நீங்க வீட்டுல அது மட்டுந்தான் பேசுவீங்களா சார்?" என்றார் டீச்சர். முதலில் சிரித்தது செயலாளரின் மனைவி.

பிள்ளை பேசும்போது காத்திரு, நீயாக முடித்துவைக்காதே. இதுதான் அவர் வைத்த சட்டம். நாம் அவசரப்படும்போது பிள்ளைகள் அழுத்துவதற்கென்றே ஒரு வாக்கியமும் பதிவு செய்துவைத்தார்: "நான் இன்னும் முடிக்கல."

அவர் நாற்காலியைக்கூட நாம் இன்னும் நகர்த்தவில்லை. அதற்குள் அவர் சட்டம் என்ன ஆயிற்று? இன்று காலை செயலாளர், "போனவங்க குரல் தினமும் கேட்டா மனசு தாங்காதுங்க. வேற குரல் போட்டுடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். யாருடைய மனசு? வாயாடிக்கு வேறு குரல் ஏது? அஞ்சலி செலுத்த வந்த பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு நாம் அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். கூனிக் குறுகிப்போய் நிற்கிறேன்.

பொத்தான் டீச்சரே! நீங்கள் பதிவு செய்த ஒரு சொல்லும் அழியாது. விட்டுப்போன சொற்களை நாங்கள் பதிவு செய்வோம். எந்தக் குரலில் என்பதைப் பிள்ளைகள் சொல்வார்கள். இது எங்கள் உறுதி.

"எனக்கு டீச்சரை..." அடுத்த சொல் என்ன? உங்கள் எல்லோரிடமும் ஒன்று தயாராக இருக்கும். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அவள் தலை ஓயவில்லை. நான் பேசும்போதெல்லாம் அந்தப் பொத்தான் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதோ, அவள் கணினியின் ஒலிபெருக்கி ஒயரை நானே செருகுகிறேன்.

"நான் இன்னும் முடிக்கல."

கேட்டீர்களா? அரங்கைப் பூட்ட வந்தவரை உட்காரச் சொல்லுங்கள், நேரமாகும். என் உரை இவ்வளவுதான்.

பேசு கண்ணு. நாங்க இருக்கோம்.