ஐந்தாவது ஆள் அசையவில்லை

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அது மோசமான கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. துப்பாக்கியைத் தூக்கினால் அதன் கனம் கையில் தெரியும். மழை தகரக் கூரையில் விழுவதும் மண்ணில் விழுவதும் தனித்தனியாகக் கேட்கும். இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள் மற்றதில் ஏன் இப்படிக் கோட்டை விட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐந்து பேர் ஓர் அணி. ஒருவர் பாதியில் வெளியேறினால் ஆட்டம் ரத்து, மற்ற நால்வரும் தோற்றதாகக் கணக்கு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாலும் விளையாட்டே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். வீட்டில் கரண்ட் போகாதா, குழந்தை அழாதா? கம்பெனிக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனேன். ஆட வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியில், ஒரு போட்டி வைக்கிறோம், அதில் ஜெயிக்கும் அணியை நேரில் அழைத்து யோசனை கேட்போம், குறைகளைச் சரிசெய்வோம் என்று அறிவித்தார்கள்.

எனக்கு வேலை போய் நாளாகிவிட்டது. வீட்டில் தண்டச்சோறு என்று பெயர். அந்த ஒரு விளையாட்டில்தான் நான் சொன்னால் நாலு பேர் கேட்டார்கள். அதையும் இழுத்து மூடிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயந்து செத்தேன்.

மாமா என்றால் என் அக்கா கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஓய்வு. அன்றைக்கும் என் நச்சரிப்பு தாங்காமல் ஆட உட்கார்ந்துவிடுவார். அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிற வேலை அவருடையது. சுடச் சொன்னால், "எனக்கு எதுக்குடா அந்தப் பாவம்" என்பார்.

இறுதி ஆட்டத்தன்று அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மாமா தன் வீட்டில் தனியாக ஆடினார், நான் இரண்டு தெரு தள்ளி என் வீட்டில். விளையாட்டுக்குள் இருக்கும் பேச்சு வசதி உருப்படாதது. அதனால் நாங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டே ஆடுவோம். மற்ற மூவருக்கும் எதுவும் கேட்கவில்லை, அவர்களை விட்டுவிடுங்கள்.

"மாப்ளே, நெஞ்ச என்னமோ பிசையுது. வேர்த்துக் கொட்டுது."

"கேஸா இருக்கும் மாமா. தண்ணி குடிங்க. மவுஸ மட்டும் விட்டுடாதீங்க."

"இல்லடா, கை மரத்துப்போச்சு."

"இன்னும் ரெண்டே ரவுண்டு மாமா. சும்மா உக்காந்திருங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. திரையில் அவருடைய ஆள் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள்.

அந்த விளையாட்டில் நம் குண்டு நம் ஆளையும் வீழ்த்தும். விழுந்தவரைத் தூக்கிவிட்டால், அசையாமல் நின்ற கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதுவும் ஒரு குறைதான், நான் கண்டுபிடித்தது. மாமாவின் காலில் சுட்டேன். பக்கத்தில் மண்டியிட்டுத் தூக்கிவிட்டேன். மறுபடியும் அப்படியே நின்றார். மறுபடியும் சுட்டேன். எதிரிகள் சுற்றி வளைத்தபோதும் அவரிடம் ஓடி ஓடி வந்தேன். தூக்கிவிடும்போதெல்லாம் காதில் மூச்சு கொஞ்சம் சீராவது போல எனக்குத் தோன்றியது. பிறகு மூச்சும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் சுட்டேன், தூக்கிவிட்டேன்.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கூப்பிட வேண்டுமானால் மாமாவின் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

கடைசிச் சுற்றில் சர்வர் படுத்துவிட்டது. ஆட்டம் ரத்து. மேஜையில் தலையை வைத்து அழுதேன். மாமாவுக்காக அழுதேன் என்று காலையில் உங்கள் ஏட்டிடம் சொன்னது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். முகம் கழுவிக்கொண்டு அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தார். உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது.

அக்கா ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடி வந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னடா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"'என்னைப் பாக்காத, ஆட்டத்த முடி'ன்னாருக்கா" என்றேன்.

அப்படி அவர் சொல்லவில்லை. "எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்கிட்ட இருக்குல்ல, திறந்துட்டு வாடா" என்றுதான் சொன்னார். ஆனால் மாமாவை எனக்குத் தெரியும். உடம்பு மட்டும் நன்றாக இருந்திருந்தால், நான் அக்காவிடம் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருப்பார்.