கதிரையை விட்டு எழும்பியவர்

தலைமை வகிக்கும் ஜனாப் ஸவாஹிர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கொட்டாஞ்சேனைத் தேகப்பயிற்சிச் சங்கத்தின் சகோதர சகோதரிகளே! உங்கள் செயலாளர் பேதுரு பேசுகிறேன். அழ வரவில்லை, சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

நம் சிறில் இராஜநாயகம் அவர்களைப் பயிற்சிதான் கொன்றது என்று வாசலில் இப்போதும் முணுமுணுக்கிறார்கள். பொய்! கொன்றது நெருப்புக் காய்ச்சல். இந்தத் தெருவில் அது எத்தனை திடகாத்திரர்களைக் கொண்டுபோனது! அவர்களெல்லாம் தண்டால் எடுத்தவர்களா?

ஏழு வருஷத்துக்கு முன், துறைமுகக் கந்தோரில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கியது, கால் மரத்தது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஆங்காங்கே நரம்பு தடித்துக் கெட்டியாகும் வியாதி என்றார் டாக்டர். மருந்தில்லை, படுக்கைதான் என்றார். நாங்கள் என்ன செய்தோம்? இரக்கப்பட்டோம்! அவரைப் போஷகராக்கி, மாலை சுற்றிய கதிரையொன்றை இந்த மேடையில் போட்டு, இனி அவர் கர்லாக்கட்டையைத் தொடக்கூடாது என்று தீர்மானமும் நிறைவேற்றினோம். அதை எழுதிய பாவி நான்தான்.

அவர் வந்து அந்தக் கதிரையில் இருந்தார். மாலையைக் கழற்றினார். "பேதுரு, உயிரோடையே என்னைப் படமாக்கிப்போட்டீர்! சரி, இப்ப எண்ணும்," என்றார். கை ஊன்றாமல் எழும்பினார், இருந்தார், எழும்பினார். நாலாவது தரம் விழுந்தார். தூக்க ஓடினேன்.

"தொடாதையும்! எண்ணுறதுதான் உம்முடைய வேலை!"

நாலில் விழுந்தவர் ஆறு மாதத்தில் நாற்பது தரம் எழும்பினார்! உடல் சூடேறினால் கண் மங்கும். ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பார். தெளிந்ததும் மறுபடி தொடங்குவார். மெல்லச் செய்யுங்கோ என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மூச்சு வாங்காட்டி அது என்ன பயிற்சி?" என்பார். வியாதி போகவில்லை, ஊன்றி நடக்கும் பொல்லும் கடைசிவரை கையிலிருந்தது. ஆனால் வெள்ளவத்தைக் கடலில் குளித்துவிட்டுக் கரைக்குத் தானே நடந்து வந்தார். யாரும் தாங்கவில்லை!

அதே வியாதியோடு தையல்காரி மேபல் அக்கா வந்தார். "தம்பி, நான் விழுந்தா?" என்று கேட்டார். "விழுவீங்க அக்கா. நானும் விழுந்தனான்," என்றார் சிறில். அப்படித் தொடங்கியது அந்தக் காலை வகுப்பு. இன்று நாலு பேர் வருகிறார்கள். வாசல் முணுமுணுப்புக்குப் பயந்து அந்த வகுப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை நிர்வாகசபை மூடப்போகிறதாம். மண்டபச் சாவி என் மடியில் இருக்கிறது. முடிந்தால் வாங்கிப் பாருங்கள்! நாளைக் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பேன்.

இதோ, அந்தக் கதிரைக்கு இன்றும் மாலை போட்டிருக்கிறீர்கள். செத்தும் அவரை இருத்தி வைக்கிறீர்களே, வெட்கமாயில்லையா?

எழுந்து நின்று மௌனம் காப்பது இரங்கல் கூட்டத்து வழக்கம். இன்று மௌனம் வேண்டாம். எல்லாரும் கை ஊன்றாமல் எழுவோம், இருப்போம், மறுபடி எழுவோம். நாற்பது தரம்! முடியாதவர்கள் முடிந்தமட்டும்.

மேபல் அக்கா, மேடைக்கு வாங்கோ. மாலையைக் கழற்றிப்போட்டு அந்தக் கதிரையில இருங்கோ. நான் எண்ணுறன்.

ஒண்டு!