ஏறி இறங்கும் தரை

ஒரு பொழுதுபோக்கு மன்றத்தைக் கட்டும்போது ரொம்பவும் யோசிக்க வேண்டியது, நாற்காலிகளை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதைத்தான். சுவரைப் பார்த்துப் போட்டால் வயதானவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாசலைப் பார்த்துப் போட்டால் வருகிறவர் போகிறவரை வம்புக்கு இழுப்பார்கள். நீச்சல் குளத்தைப் பார்த்துப் போட்டால் பேரப்பிள்ளைகள் நீந்துவதில் ஒரு கண், பக்கத்து நாற்காலிக்காரரின் மருமகளைப் பற்றி விசாரிப்பதில் ஒரு காது என்று சாயங்காலம்வரை நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நான் குளத்தைப் பார்த்துத்தான் போட்டேன். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அதனால்தான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

மன்றத்துக்கு வரைபடம் போட்டவன் நான். கட்டி முடித்ததும் நடத்துவதற்கும் என்னையே வைத்துக்கொண்டார்கள். கேரம் அறையைக் கழிப்பறைக்கு அடுத்து வைத்தது நான்தான். அங்கே ஆட வருகிறவர்களின் வயதுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். டேபிள் டென்னிஸ் சத்தம் வாசிப்பறைக்குள் போகாமல் இருக்க, நடுவில் உடை மாற்றும் அறைகளை வைத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காலையில் கதவைத் திறப்பதும் ராத்திரி விளக்கை அணைப்பதும்தான் எனக்குக் குடும்பம்.

குளத்தைப் பற்றி உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதன் தரை ஏறி இறங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் தரை முழுவதும் மெதுவாக மேலே வந்து, இடுப்பளவுத் தண்ணீர்தான் மிஞ்சும். குழந்தைகளும் மூட்டுவலிக்காரர்களும் தைரியமாக இறங்கலாம். இன்னொரு பொத்தானை அழுத்தினால் தரை ஆழத்துக்குப் போய்விடும். அப்போது மேடையில் ஏறித் தலைகீழாகப் பாயலாம். மன்றத்தை மூடும்போது தரையை மேலே ஏற்றிவிட்டு, மேடைப் படிக்குக் குறுக்கே சங்கிலி போடுவோம். தப்பித்தவறி யாராவது உள்ளே விழுந்தாலும் மூழ்கக் கூடாது என்பதற்காக. காலையில் தரையை இறக்கிய பிறகுதான் சங்கிலியை அவிழ்ப்பேன்.

மேலேயிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. குழந்தைகள் மிரளக் கூடாது என்று தரைக்கும் சுவருக்கும் ஒரே நீல ஓடு பதித்தேன். போதாததற்கு, கூரைக் கண்ணாடி வழியே விழும் காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும்.

நான் செய்த ஒரே பிழை ஒரு தூண். பொத்தான்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது மேடையை மறைத்துவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. மேடையில் நிற்பவர் "கீழேயா?" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் "கீழே" என்றால் பாயலாம், "மேலே" என்றால் இறங்கிவிட வேண்டும். அறிவிப்புப் பலகை ஒன்றும் வைத்துப் பார்த்தோம். அதில் துண்டு காயப்போட்டார்கள். பலகையை யாரும் நம்புவதில்லை. என் குரலை நம்பினார்கள்.

தினமும் முதலில் பாய்கிறவன் என் தங்கை புருஷன். எனக்குச் சிநேகிதனாக இருந்து மாப்பிள்ளையானவன். மன்றக் குழுவுக்குச் செயலாளர். ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அவன் தட்டில் அப்பளம் நொறுங்கியிருந்தால் என் தட்டிலிருந்து முழு அப்பளத்தை எடுத்துக்கொள்வான், நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்படிப் பழகியவர்கள்.

ஒருநாள் குளத்தைச் சுற்றிச் சாக்கட்டியில் கோடுகள் கிழித்திருந்தார்கள். யார் வேலை என்று அவனைக் கேட்டேன்.

"டைல்ஸ் மாத்தப் போறோம் மச்சான். வேற ஒண்ணுமில்ல" என்றான்.

நான் நம்பினேன். பிறகு ஒருநாள் கேன்டீன் அக்கா டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏன் சார், குளத்த மூடிட்டு மேல உடற்பயிற்சிக் கூடம் வரப் போகுதாமே? கூட்டத்துல உங்க மாப்பிள்ளைதான் முதல்ல கையத் தூக்குனாராம். உங்க போட்டோவ பெருசா மாட்டி, உங்க பேரையே வைக்கப் போறாங்களாம். உங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும் என்று சொன்னேன். அவளிடம் என்னத்தைச் சொல்வது? என்னை உயிரோடு சட்டம் போட்டு மாட்ட முடிவு செய்துவிட்டு, என் தட்டிலிருந்து அப்பளம் எடுத்துத் தின்றிருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைச் செய்தவன் அன்று ராத்திரியும் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்க மச்சான்" என்றான். ஊற்றிக்கொண்டேன். தங்கை முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் நான் ஒன்றும் செய்யவில்லை. இதைக் கவனித்து வாசியுங்கள். தரையை நான் ஏற்றவில்லை. அது முந்தின நாள் மூடும்போது ஏற்றியபடியே இருந்தது. இறக்கவில்லை, அவ்வளவுதான். படிக்குக் குறுக்கே இருந்த சங்கிலியை மட்டும் அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். பிறகு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவன் என்னிடம் சொன்னது சின்னப் பொய். நானும் அவனிடம் ஒரே ஒரு சின்னப் பொய் சொல்வது என்று இருந்தேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

மேடைப் பலகை அதிர்ந்தது. குரல் வந்தது.

"கீழேயா மாமா?"

மாப்பிள்ளையின் குரல் இல்லை. தங்கை மகள். கல்லூரியில் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். சின்ன வயதில் அவள் முதன்முதலாக அந்த மேடையில் நடுங்கிக்கொண்டு நின்றபோதும் நான்தான் "கீழே" என்று சொன்னேன். அன்றிலிருந்து வேறு யார் சொன்னாலும் பாய மாட்டாள்.

குரல் அடையாளம் தெரியவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் தெரிந்தது. யோசிக்கவும் நேரம் இருந்தது. "மேலே" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இறங்கி வருவாள். படியில் சங்கிலி இல்லாததைப் பார்த்திருப்பாள். "ஏன் மாமா, தரைய இறக்காமயே சங்கிலிய எடுத்துட்டீங்களா?" என்று கேட்பாள். அவள் கெட்டிக்காரி. என் மேற்பார்வையில் இப்படி ஒரு கவனக்குறைவா என்று முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அதோடு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கும் தெரிந்துதானே இருக்கும், அவளும் வாயைத் திறக்கவில்லையே என்றும் தோன்றியது.

"கீழே" என்றேன்.

வழக்கமான குரலில்தான் சொன்னேன். அவள் வழக்கம்போல "சரி மாமா" என்றாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான்தான் முதலில் தண்ணீரில் குதித்தேன், நான்தான் அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. குளத்தை மூடுவதை மறைத்துவிட்டு என் முகத்தில் விழிக்க அவள் அப்பனுக்கு வெட்கமாம். "மாமாகிட்ட நானே பக்குவமா சொல்றேன், நீங்க வராதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அன்று காலையில் அவள் வந்திருக்கிறாள். தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதபடி இதைச் சொன்னாள். அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

இவ்வளவும் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நேற்று நீங்கள் ஆஸ்பத்திரியில் அவளை விசாரித்தபோது நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன். அவள் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும்.

"மாமா மேல ஒரு தப்பும் இல்ல சார். அவரு பொய் சொல்ல மாட்டாரு. கீழேன்னு சொன்னாருன்னா கீழதான் இருந்திருக்கும். நான் குதிக்கறதுக்குள்ள மிஷின் தானா மேல வந்துடுச்சு."

நீங்களும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டீர்கள். மாப்பிள்ளை வாசலில் நின்று, "அந்தக் கொலைகாரத் தரைய முதல்ல மண்ணப் போட்டு மூடுங்க" என்று கத்தினான். குழுவும் சரி என்றுவிட்டதாம். வடிவமைப்பிலேயே கோளாறு என்று எவனோ ஒரு பொறியாளர், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், பேட்டி கொடுத்திருக்கிறான். அவர்கள் பேசியதுகூடப் பரவாயில்லை. நான் தூக்கி வளர்த்த பெண், அவளே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தரை ஒருநாளும் தானாக ஏறியதில்லை. நான் நிறுத்திய இடத்தில்தான் அன்றும் நின்றது. வேண்டுமானால் ஆளை வைத்துச் சோதித்துப் பாருங்கள், மூடுவதற்கு முன்னால். என் மன்றத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. தயவுசெய்து இதையும் விபத்து என்று எழுதிவிடாதீர்கள்.